ஏழுமலை சொன்ன சாட்சி

"நல்ல மனுசன்தாங்க. பொய் மட்டும்தான் சொல்லுவாரு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், நாற்பது குடும்பங்களுக்கு முன்னால், என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட சாட்சி இது. சொன்னவர் ஏழுமலை. திருவக்கரைக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிற விவசாயி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தோள் துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, பிரசங்க மேடைக்குக் கீழே நின்றார்.

சபை சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கே யார் சிரித்தாலும் கூடச் சேர்ந்துகொள்வது என் பிறவிக் குணம். சிரிப்பு என்னைப் பார்த்துத்தான் என்பது எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு உறைக்கும்.

முதல் பெஞ்சில் என் மாமனார் உட்கார்ந்திருந்தார். விழுப்புரத்தில் ஒரு சபையின் மூப்பர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. மருமகனும் மூப்பராகப் போகிறான் என்று கேள்விப்பட்டு, நம்ப முடியாமல், நேரிலேயே பார்த்துவிடலாம் என்று முதல் பஸ்ஸில் திண்டிவனம் வந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

போதகர் தேவசகாயம் கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது.

"இன்னா பொய்யின்னு சொல்லுங்க," என்றார் ஏழுமலையிடம்.

ஏழுமலை அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கட்டும். என்னால் காக்க வைக்கப்படுவது அவருக்குப் புதிதல்ல. அதற்குள் நான் சொல்ல வேண்டிய முன்கதை கொஞ்சம் இருக்கிறது.

ஜெபத்துக்கு வேறு ஆள், ஜெனரேட்டருக்கு நான்

போன வாரம் இந்தப் பகுதியில், என் கல்யாணத்தில் மைக் செட் புகைந்த கதையை எழுதியிருந்தேன். படித்த வாசகர் ஒருவர், 'இந்த ஆள் சர்ச்சுக்கெல்லாம் போவாரா?' என்று பத்திரிகைக்குக் கார்டு போட்டிருக்கிறார். போவேன் ஐயா. கதவு திறக்கும் முன்பே போவேன். ஒயரிங் முழுக்க நான் செய்தது. யாருக்காவது ஷாக் அடித்தால் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டுமல்லவா?

திண்டிவனத்தில் அரிசி மில்லுக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சபை எங்களுடையது. இந்தக் கதை நடந்தபோது விழுப்புரம் தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. செல்போன் இன்னும் எங்கள் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. நான் பம்ப்செட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். எரிந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைத்துத் தருகிற தொழில். கூடவே வேடிக்கைப் பேச்சு. அது இலவசம்.

அந்த இலவசத்தால்தான் சபையில் எனக்கு ஒரு குறை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருடாவருடம் ஏரோது ராஜாவின் தடுக்கி விழுகிற சிப்பாய் நான்தான். எந்த வீட்டில் துக்கம் நேர்ந்தாலும் ஜெபம் பண்ண வேறு ஆளைக் கூப்பிடுவார்கள், ஜெனரேட்டருக்கு என்னைக் கூப்பிடுவார்கள். "பிரதர் வந்தா சிரிப்பு வந்துடும், ஒயர மாட்டிட்டுப் பின்னால நில்லுங்க" என்று ஒரு சாவு வீட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

சபையை நடத்துவதில் போதகருக்குத் துணையாக மூன்று மூப்பர்கள் உண்டு. ஒருவர் மகனோடு ஓசூருக்குக் குடிபோனார். இடம் காலி. ஒரு தடவையாவது என்னை யாராவது பெரிய மனிதனாகப் பார்க்கட்டும் என்று எனக்கு ஆசை வந்தது. இந்தப் பொறுப்புக்கு ஆசைப்படுவது நல்லதுதான் என்று வேதத்திலேயே இருக்கிறது. அதற்கு அடுத்த வரியிலிருந்துதான் சிக்கல்.

ரூத் போட்ட மார்க்

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில், சபையை நடத்துகிறவன் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. அதை ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி, ஒவ்வொன்றாக டிக் அடித்தேன்.

ஒரே மனைவி உடையவன். டிக். மதுப்பிரியன் அல்ல. டிக். என் மேல் வீசுவது வார்னிஷ் வாடை. பக்கத்தில் உட்காருகிறவர்கள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டால் நான் பொறுப்பல்ல. அடிக்கிறவன் அல்ல. அடிப்பதற்கு உடம்பு வேண்டும், எனக்கு இருந்தது நாற்பத்தெட்டு கிலோ. டிக். அந்நியரை உபசரிக்கிறவன். நான்தான் ஆட்களை அழைத்து வருவேன், உபசரிப்பவள் என் மனைவி ரூத். பாதி டிக்.

சொந்தக் குடும்பத்தை நன்றாக நடத்துகிறவன் என்ற இடத்தில் பேனா நின்றது. ரூத்தைக் கூப்பிட்டேன். சின்ன வயதிலிருந்தே ஒரு மூப்பர் வீட்டில் வளர்ந்தவள்.

"நான் நம்ம குடும்பத்த நல்லா நடத்துறனா?"

"நடத்துறது யாருன்னு தெரிஞ்சிக்கினுதான கேக்குறீங்க?"

அங்கேயும் பாதி டிக்.

"கடைசி வரியப் பாத்தீங்களா?" என்றாள். சபைக்கு வெளியே இருப்பவர்களிடமும் நல்ல பேர் எடுத்திருக்க வேண்டும் என்பது அந்த வரி.

"அதுக்கென்ன? ஊரே என்னப் பாத்து சிரிக்குது."

"அதான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

மேலே சாக்பீஸில் எழுதிய பெயர்

மற்ற சபைகளில் இந்தக் கடைசி வரியை எப்படிச் சமாளிக்கிறார்களோ தெரியாது. எங்கள் போதகர் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். மூன்று ஞாயிறு வரிசையாகப் பெயரைச் சபையில் வாசிப்பார். மூன்றாவது ஞாயிறு, சபையைச் சேராத ஒருவர் வந்து நின்று அந்த ஆளைப் பற்றிப் பேச வேண்டும். யார் வரவேண்டும் என்று முடிவு செய்வது போதகர்.

எனக்கு முன்னால் மூப்பரான ஒருவர், அரசு அதிகாரி பச்சை மையில் கையெழுத்திட்ட நன்னடத்தைச் சான்றிதழை நீட்டிப் பார்த்தாராம். "இந்த அதிகாரி உங்க வீட்டுத் தெருவில நடந்திருக்காரா?" என்று கேட்டுவிட்டு, அந்த மூப்பர் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற பெண்மணியை அழைத்து வந்து நிறுத்தினார் போதகர்.

என் பெயரைக் கொடுத்துவிட்டு, எனக்கு யாரை அழைப்பார் என்று கணக்குப் போட்டேன். டீக்கடைக்காரரா? நல்லது, அவர் என் ரசிகர். பேப்பர் கடைக்காரரா? அவரும்தான்.

இரண்டாவது ஞாயிறு முடிந்த புதன்கிழமை, போதகர் கடைக்கு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, சுவரோரம் வரிசையாகக் கிடந்த மோட்டார்களைப் பார்த்தபடி நடந்தார். எந்த மோட்டார் யாருடையது என்று தெரிவதற்காக, ஒவ்வொன்றின் மேலும் பெயரையும் ஊரையும் சாக்பீஸில் எழுதியிருப்பேன். கடைசியில் கிடந்த ஒன்றின் முன் குனிந்தார். எல்லாவற்றையும் விட அதில்தான் தூசி அதிகம். விரலால் துடைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஏழுமலை. திருவக்கரை பக்கம்." விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "இவரக் கூப்புடுறேன்."

எனக்கு டீ புரையேறியது.

இருபது நாள்

ஏழுமலை அந்த மூன்று எச்.பி. மோட்டாரைக் கொண்டு வந்து இருபது நாள் ஆகியிருந்தது. முதல் நாள், "நாளைக்கு வாங்க" என்றேன். மறுநாள் வந்தார். "நாளைக்கு" என்றேன். எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வதுதான். தையல்காரர் சொல்வார், ரேடியோ ரிப்பேர்க்காரர் சொல்வார். ஆனால் நான் வெறுமனே சொல்ல மாட்டேன். சிரிக்க வைத்து அனுப்புவேன்.

திருவக்கரையில் மரமெல்லாம் கல்லாகிக் கிடக்கும், தெரியுமில்லையா? ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ அவர் வந்தபோது சொன்னேன்: "உங்க ஊரு மரம் கல்லாவுறதுக்குக் கோடி வருசம் பொறுத்துக்கினு இருந்துச்சு. நீங்க ரெண்டு நாள் பொறுக்க மாட்டீங்களா?"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மயிலம் பஸ் பிடிக்கப் போனார். கடையில் இருந்த நாலு பேர் கைதட்டினார்கள். அந்த வேடிக்கையை ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உண்மை இதுதான்: அவர் மோட்டாரை நான் தொடவே இல்லை. கைக்கு மிஞ்சிய வேலையை வாங்கிப் போட்டிருந்தேன். முடியாது என்று சொன்னால் எதிரில் நிற்பவர் முகம் சுருங்கும். அதைப் பார்க்கிற தைரியம் எனக்குக் கிடையாது. நாற்பத்தெட்டு கிலோவில் அதற்கு இடமில்லை போலிருக்கிறது.

போதகர் தெருமுனை தாண்டுவதற்குள் அந்த மோட்டாரைப் பிரித்துவிட்டேன். வியாழக்கிழமை காயில் சுற்றினேன். வெள்ளிக்கிழமை வார்னிஷில் முக்கினேன். அது நன்றாகக் காய இரண்டு நாள் வேண்டும். எனக்கோ ஞாயிற்றுக்கிழமை சாட்சி. சனிக்கிழமை காலையே பூட்டி, மொபெட்டில் கால் வைக்கும் இடத்தில் கட்டி வைத்து, காலை இரண்டு பக்கமும் அகட்டிக்கொண்டு திருவக்கரைக்குக் கிளம்பினேன். வழியில் பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் கையசைத்தேன்.

ஏழுமலை கேணிக்குப் பக்கத்தில் இருந்தார். "மெக்கானிக்கா? வா வா," என்றார். கோபமே இல்லை. அது கொஞ்சம் பயமாக இருந்தது.

இருவருமாக மோட்டாரை இறக்கி, பூட்டி, ஸ்விட்ச் போட்டோம். தண்ணீர் பீறிட்டு வந்து வாய்க்காலில் ஓடியது. பெருமையாக நிமிர்ந்தேன். வாய்க்கால் போய்ச் சேர்ந்த இடத்தில் பயிர் இல்லை. வெறும் கட்டாந்தரை.

"மல்லாட்ட எங்கண்ணே?"

"காஞ்சிடுச்சி. புடுங்கி மாட்டுக்குப் போட்டுட்டோம்," என்றார் அவர் மனைவி, வரப்பில் நின்றபடி. "நாளிக்கி வந்துடும் நாளிக்கி வந்துடும்னு இவரு வந்து வந்து சொன்னாரு. வராதுன்னு தெரிஞ்சிருந்தா பக்கத்துக் கேணியிலயாவது தண்ணி கேட்டு வுட்டிருப்போம்."

எதற்கும் ஒரு வேடிக்கை சொல்கிற நான், போய் ஸ்விட்ச்சை அணைத்தேன்.

அந்த அம்மாள் ஒரு சொம்பில் கேப்பைக் கூழும் கடித்துக்கொள்ள வெங்காயமும் கொண்டு வந்து கொடுத்தார். "வெயில்ல வந்திருக்கியே, குடி." அந்நியரை உபசரிப்பது என்ற வரிக்கு முழு டிக் யாருக்குப் போட வேண்டும் என்று அப்போது தெரிந்தது.

நாளைக்குக் கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் என்று கேட்பதற்காகத்தான் போயிருந்தேன். அதைக் கேட்காமலே சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மொபெட்டை உதைத்தேன். அவரே சொன்னார்: "ஐயா வந்து கூப்பிட்டுட்டுப் போனாரு. உள்ளத உள்ளபடி சொன்னா போதும்னாரு. வர்றேன்."

மறுபடியும் மேடைக்குக் கீழே

"இன்னா பொய்யின்னு சொல்லுங்க," என்று போதகர் கேட்டாரல்லவா?

"நாளிக்கின்னு சொல்வாருங்க," என்றார் ஏழுமலை.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சபையில் பாதிப் பேர் என் கடைக்கு மிக்ஸியும் ஃபேனும் கொடுத்தவர்கள்.

"பேசிப் பேசி சிரிக்க வச்சி அனுப்பிடுவாரு. ஊருக்குப் போயிச் சேர்ந்தப்புறம்தான் கையில மோட்டாரு இல்லன்னு தெரியும். இந்த வருசம் வெள்ளாம போச்சு. நேத்து அவரே கொண்டாந்து பூட்டிக் குடுத்தாரு, அதையும் சொல்லிடணும்."

"அப்ப இவருக்கு இந்தப் பொறுப்பக் கொடுக்கலாமா?" என்றார் போதகர்.

ஏழுமலை துண்டை ஒரு அக்குளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார். "அது உங்க விசயம் சாமி. நானு இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டேன். மறுபடி மோட்டாரு எரியாமலா போவும்? இவருகிட்டதான் கொண்டாருவேன். அன்னிக்கி இன்னா சொல்றாருன்னு பாத்துட்டு வந்து சொல்றேன்."

நான் எழுந்தேன். "ஐயா, என் பேர எடுத்துடுங்க." குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. பின்வரிசையில் ஒருவர், நான் யாரையோ பேசிக்காட்டுகிறேன் என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"எடுக்க வேணாம்," என்றார் போதகர். "நிறுத்தி வைப்போம். சாட்சி இன்னும் பேசி முடிக்கல."

வெளியே வந்ததும் மாமனார் என் தோளில் கை வைத்தார். "மாப்ள, மத்தியானம் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லாதீங்க. அடுத்த பஸ்ஸுக்கே நான் கௌம்புறேன்."

முடியாது என்று சொல்லப் பழகியது

அந்த வருஷம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள்.

முதல் வேலையாக, கையில் இருக்கும் மோட்டார்களை முடித்துக் கொடுக்கும்வரை புதிதாக வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். ஒருவர் வந்தார். "பத்து நாள் ஆவுங்க," என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். "இன்னாபா ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

இன்னொருவர் கெஞ்சவே செய்தார். "சும்மானாச்சும் நாளைக்குன்னு சொல்லுபா. வூட்ல போயி நான் இன்னா சொல்றது?"

"பத்து நாள்னு சொல்லுங்க."

"பேஜாரு புடிச்ச ஆளாய்ட்டியே நீ," என்று மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். அடுத்த கடையில் நாளைக்கு என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரூத்திடம், "இன்னிக்கி மூணு பேர தொரத்திட்டேன்," என்று சொல்வேன். "நாலாவது ஆளு?" என்பாள். "நாலாவது ஆளுகிட்ட வழக்கம்போல வாய் தவறிட்டேன்." அவள் தட்டு வைப்பாள். மறுநாள் அந்த நாலாவது ஆளைத் தேடிப்போய், நேற்றுச் சொன்னது நடக்காது என்று சொல்லிவிட்டு வருவேன். இப்படி எத்தனை வாசல்! சிலர் திட்டினார்கள். சுருங்கிய முகங்களை அந்த வருஷம்தான் நேருக்கு நேர் பார்த்தேன். பார்த்தும் நான் செத்துப்போகவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

விழுப்புரம் வரை

அடுத்த வருஷம் மாசி மாதம். ஷேர் ஆட்டோவிலிருந்து மோட்டாரை இறக்கிக்கொண்டு கடை வாசலில் நின்றார் ஏழுமலை.

"எரிஞ்சிடுச்சி மெக்கானிக்கு. மல்லாட்ட விழுது எறங்கி காய் புடிக்கிற நேரம். ஜல்தியா வோணும்."

பிரித்துப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. போன வருஷம் வார்னிஷ் காய்வதற்கு முன்னால், சாட்சி வாங்கும் அவசரத்தில், நான் பூட்டிய காயில்தான் அது. அவருக்கு அது தெரிய வழியே இல்லை. கரண்ட் ஏற்ற இறக்கம் என்றால் நம்பியிருப்பார். அப்படிச் சொல்லி எத்தனையோ பேரை நம்ப வைத்திருக்கிறேன்.

"ஏழுமலைண்ணே, இது என் தப்பு," என்றேன். "நல்லா காயறதுக்குள்ள பூட்டிட்டேன். அதான் எரிஞ்சிது. திருப்பி நானே கட்டித் தர்றேன். ஆனா ஒழுங்கா கட்டி ஒழுங்கா காயவைக்க ஆறு நாள் ஆவும்."

"ஆறு நாள் தாங்காது."

"தெரியும். அதுக்குள்ள என்னால முடியாது."

முகம் சுருங்கியது. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"விழுப்புரத்துல ஒருத்தரு இருக்காரு. ரிப்பேர் ஆவுற வரைக்கும் ஓட்டிக்க வேற மோட்டார் குடுத்தனுப்புவாரு. வாங்க, நானும் வர்றேன்."

இருவரும் பஸ் ஏறினோம். அந்த விழுப்புரத்துக்காரர் என் தொழில் எதிரி. மூக்கால் பேசுவார். அவர் பேசுவதை அப்படியே பேசிக்காட்டுவது, திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் முழுக்கப் பிரபலமான என்னுடைய தனித்திறமை. அது அவர் காது வரை எட்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்தார். "மோட்டாரு தர்றேன். முதல்ல என்னய மாதிரி பேசிக்காட்டு."

ஏழுமலை என்னைப் பார்த்தார். பயிர் அங்கே வாடிக்கொண்டிருந்தது. பேசிக்காட்டினேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. முடித்ததும், "நடுவுல நான் மூக்கு உறிஞ்சுவேன், அத வுட்டுட்டியே," என்றார். பிறகு உள்ளே திரும்பி மோட்டாரை எடுத்து வரச் சொன்னார்.

"மன்னிச்சிக்கங்க," என்றேன்.

"போ போ. பயிரு காயப்போவுது."

திருவக்கரை வரை போய்ப் பூட்டிவிட்டுத்தான் திரும்பினேன். ஆறாவது நாள் அவருடைய மோட்டாரை, நன்றாகக் காய்ந்ததை, கொண்டு போய்க் கொடுத்தேன். சபை, சாட்சி, மூப்பர் பற்றி ஒரு பேச்சும் இருவருக்கும் இடையில் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாச்சு

நாலைந்து வாரம் கழித்து ஒரு ஞாயிறு. பிரசங்கம் பாதியில் இருந்தது. நான் கடைசி பெஞ்சில், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை எடுத்து இடுக்கிக்கொண்டு ஏழுமலை நின்றார். யாரும் அவரை அழைத்திருக்கவில்லை.

"சாமி, நடுவுல பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு விசயம் நின்னு போயிருக்குது. சொல்லிட்டுப் போயிடுறேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

போதகர் வேதப் புத்தகத்தில் விரலை வைத்து மூடினார். "சொல்லுங்க."

"மோட்டாரு மறுபடி எரிஞ்சிது. எடுத்தாந்தேன். தப்பு தன்னுதுன்னாரு. முடியாதுன்னு சொல்லிட்டாரு."

போதகர் காத்திருந்தார். ஏழுமலையும் காத்திருந்தார்.

"வேற ஏதாச்சும்?" என்றார் போதகர்.

"வேற இன்னாங்க வேணும்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.

எல்லார் தலையும் கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பியது. இத்தனை முகம் ஒன்றாகத் திரும்பினால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவது என் வழக்கம். நான் குனிந்து, எந்தக் கோளாறும் இல்லாத ஆம்ப்ளிஃபயர் ஒயரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ரூத் கையால் ஜாடை காட்டினாள், எழுந்து நில்லுங்க என்று.

ஒயரை விட்டுவிட்டு எழுந்து நின்றேன். யாரும் சிரிக்கவில்லை.